குலுக்கலுக்குக் காத்திராத துகள்

சோதனைக் குழாய்க்குள் கெட்டிச் சளி. அதன் நடுவே ஒரு வைரஸ், கேட்பாரில்லாமல் சொகுசாகப் படுத்திருந்தது. குழாயின் அடியில், அந்த வைரஸைப் பிடித்துக் காட்டுவதற்காகப் போட்ட காந்தத் துகள்கள் சில கிடந்தன. யாராவது குழாயைக் குலுக்கினால்தான் அவை அசையும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும், பின்னால் குமிழி விட்டுக்கொண்டு தானாகவே நீந்தத் தெரியும்.

"சும்மா கிட. குலுக்குறப்ப போய்க்கலாம்" என்றது பக்கத்துத் துகள்.

"குலுக்க மறந்துட்டா? வைரஸ் சிக்காது; சளி குடுத்த மனுசன், நோயே இல்லைன்னு நம்பி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுவான். என்னால படுத்துக் கிடக்க முடியாது" என்று சொல்லிக் கிளம்பிவிட்டது அது.

சளி வழி விடவில்லை. துகள் முட்டியது, மோதியது, கிழித்துக்கொண்டு போய் வைரஸின் எதிரே நின்றது.

வைரஸ் சிரித்தது. "அடேய் பொடிப்பயலே! உன் எரிபொருள் தீரப்போகுது. அப்புறம் நீ வெறும் தூசி. எதுக்குடா இந்த வீம்பு?"

"தீரட்டும்டா" என்று பாய்ந்த துகள், பசை தடவிய தன் உடம்போடு அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அத்தோடு கடைசிக் குமிழியும் வெடித்தது.

"பார்த்தியா, நின்னுட்டே!" என்று கூச்சல் போட்டது வைரஸ்.

"ஓட்டந்தான் நின்னுச்சு. பிடியை எங்கடா விட்டேன்?"

குழாயைக் கடைசிவரை யாரும் குலுக்கவில்லை. நேராகக் காந்தத்தைக் கொண்டுவந்து குழாயின் வெளிப்பக்கத்தில் வைத்தார்கள். எல்லாத் துகள்களும் அதை நோக்கிப் போயின, வெறுங்கையோடு. இது மட்டும், "விடு, விடு" என்று கதறிய வைரஸையும் இழுத்துக்கொண்டு போனது.