இரண்டாவது தடவை

இளவரசனின் புரோகிராம் மறுபடியும் பாதியில் நின்றது. தேவிப்ரியா லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

“கோப்ப எத்தினி தடவ மூடறீங்க?”

“ஒருக்கா. அப்புறம் பாதுகாப்புக்கு இன்னொருக்கா.”

“காலி பண்ண வூட்ட மறுபடியும் போய்ப் பூட்டுவீங்களா? உள்ள வேற ஆளு குடி வந்திருக்குமே.”

“புரியலைங்க.”

“கோப்பத் தொறந்தா கம்ப்யூட்டரு அதுக்கு ஒரு நம்பரு குடுக்கும். மூடினதும் அந்த நம்பரு அடுத்த கோப்புக்குப் போயிடும். ரெண்டாவது தடவ நீங்க மூடறது அதைத்தான்.”

அவன் அந்த வரியை அழித்தான். புரோகிராம் நிற்காமல் ஓடி முடிந்தது.

“ஆபீசே இந்தத் தப்பத் தேடிக்கினு இருக்குதுங்க” என்றான் வெட்கத்துடன்.

கூடத்திலிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள்.

“இடஒதுக்கீட்டு மறியல் முடிஞ்சி கள்ளக்குறிச்சி பஸ் ஓடுதாம்டா. கெளம்பணும். பொண்ணுகிட்ட பேசிட்டியா, புடிச்சிருக்குதா?”

“எனக்குப் புடிச்சிருக்குதும்மா. அவங்களுக்குத்தான் இன்னான்னு தெரியல.”

தேவிப்ரியா கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“தப்பச் சொன்னா கோவிச்சுக்காம கேட்டுக்கறாரு, அத்தை.”