கட்டத்தில் இல்லாத காரணம்

“பிளாஸ்டரக் கழட்டுகா. தண்ணி படாட்டி வுழு கூடாது.”

நஸீறா சொன்னால் சொன்னதுதான். எங்கள் விடுதியில் யாருடைய தொழுகை கூடும், யாருடையது கூடாது என்று தீர்மானிப்பதே அவள்தான். அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே அறையில் எல்லாரையும் நகம் வெட்ட வைத்து, தானும் ஒட்ட வெட்டியிருந்தாள்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடத்தில் நான் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

யுத்தம் முடிந்த கிழமை அது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பாற்சோறு கொடுத்தார்கள். விடுதியில் சில பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பாற்சோறு தந்தார்கள், தின்றேன். உப்புக் கொஞ்சம் கூட.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனதிலிருந்து எனக்கு எல்லாம் இப்படித்தான். பரீட்சை முடிவு வந்தாலும் ஒன்றுதான், பஸ் வந்தாலும் ஒன்றுதான்.

அன்று காலை விரிவுரை மண்டபத்துக்கு ஒரு மனநல டொக்டர் வந்திருந்தார். சாகும் எண்ணம் இல்லாமல் தங்களைத் தாங்களே காயப்படுத்துகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் என்று அளக்கிறாராம். பெயர் எழுதத் தேவையில்லை என்றார். நல்ல மனிதர், சத்தம் போட்டுக் கதைக்கவில்லை. ஏன் செய்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். கோபம். தன்னைத் தண்டிக்க. மரத்துப்போனது தெளியட்டும் என்று. யாராவது கவனிக்கட்டும் என்று.

மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தேன். என்னுடையது இல்லை.

‘வேறு காரணம்’ என்று ஒரு கோடும் விட்டிருந்தார். அந்தக் கோடு எனக்குக் காணாது. முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்று போட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது நஸீறாவுக்குப் பொறுமை போய்விட்டது. என் கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே உருட்டி, மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டரை ஒரே இழுப்பில் எடுத்தாள்.

பிறகு குழாயை அவளே பூட்டினாள்.

“யாருகா அவன்?”

“ஒருத்தனும் இல்ல.”

“அப்ப, சாகப் பாத்தியா?” அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

“சாகப் பாக்கிறவள் பிளாஸ்டர் வாங்குவாளா?”

பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். இனி விடுதிப் பொறுப்பாளர் மிஸ்ஸிடம் போகும். அவ உம்மாவுக்குக் கோல் எடுப்பா. உம்மா பஸ் பிடித்து அழுதுகொண்டு வருவா. அது மட்டும் நடக்கக் கூடாது. வேறு யார் பார்த்தாலும் இது காயம். உம்மா பார்த்தால் என்னவென்று தெரிந்துவிடும்.

நஸீறா குனிந்து பார்த்தாள். மணிக்கட்டின் உட்பக்கத்தில் நெருக்கமாக நாலு தழும்புகள். தலைப்பிறை மாதிரி வளைந்து, மிகச் சின்னதாய். பழசின் மேலேயே புதுசு.

“நகம் பட்ட மாதிரித்தானே கிடக்கு,” என்றாள். “ஆர்ர நகம் இது? இவ்வளவு சின்னதா?”

டொக்டரும் இப்படிக் கேட்கவில்லை.

“எங்கட றிபாஸ்ர,” என்றேன்.

றிபாஸ் என் தம்பி. அப்போது அவனுக்கு நாலு வயது. கடல் எங்களை இழுத்தபோது அந்த இடத்தில்தான் பிடித்திருந்தான். ராத்தா என்று ஒரு தரம் கூப்பிட்டான். யாருடைய கை முதலில் விட்டதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜனாஸா கிடைக்கவில்லை, அடக்க உடல் இல்லை. கல்முனைக்குடியில் எங்கள் வீடு நின்ற இடத்தில் அவனுடைய ஒரு சட்டை, ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அகதிகளை இருத்தியிருந்த பள்ளிக்கூடத்தில் வைத்து உம்மா என் மணிக்கட்டுக்கு ஒவ்வொரு நாளும் மருந்து பூசினா. பூசப் பூச ஆறிக்கொண்டு வந்தது. “அல்ஹம்துலில்லாஹ், அடையாளமே தெரியாமப் போயிரும்,” என்றா.

தெரியாமல் போனால் அவன் என்னைப் பிடித்திருந்தான் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது? நான் ஆறவிடவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நஸீறாவிடம் இவ்வளவையும் சொன்னபோதுகூட என் குரல் கடைக்குச் சாமான் சொல்வது போலத்தான் இருந்தது.

உள்ளே தொழுகை அறையில் மற்றவர்கள் வரிசையில் நின்று தக்பீர் கட்டிவிட்டார்கள்.

“விடு நஸீறா. தொழத் தொடங்கிட்டாங்க.”

“தொழட்டும்.”

அவள் ஈரச் சீமெந்தில் அப்படியே குந்தினாள். என்னையும் இழுத்து இருத்தினாள். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்தாள், அந்த நாலின் மேலேயே.

“அந்த டொக்டர் பின்னேரம் வரைக்கும் இருக்காராம். தொழுதுட்டுப் போவம். நானும் வாறன். அதுவரைக்கும் இதை விடமாட்டன்.”

இறுக்கித்தான் பிடித்தாள். ஆனால் ஒட்ட வெட்டிய நகம், ஒன்றும் பதியவில்லை.

கையை இழுத்துப் பார்த்தேன். அவள் விடவில்லை. இன்னொரு தரம் பலமாக இழுத்தேன். அப்போதும் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.