பைன் மரத்தின் இடுப்பளவு

ஆராய்ச்சித் தோட்டத்தில் நின்ற ஒரு பைன் மரத்துக்குத் தன் இடுப்பளவைப் பற்றியே ஓயாத கவலை. சுற்றளவு கூடாத மரங்களை வருஷக் கடைசியில் வெட்டிவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். அளவெடுக்கும் அம்மாவோ தினமும் உச்சிவெயிலில்தான் வருவார். காலையில் நீர் குடித்துப் பூரித்திருந்த உடம்பு அந்த நேரம் பார்த்து ஒரு நூலளவு இளைத்துவிடும்.

"இன்னிக்கும் தளர்ந்துட்டேன் அக்கா," என்றது மரத்தின் இடுப்பில் கட்டியிருந்த எஃகு நாடா.

"அதை ஏன்டி அவங்ககிட்ட காட்டிக்கொடுக்கிறே?"

"என் வேலையே அதுதானே."

மரம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஊசியிலைகளில் இருந்த நுண்ணிய வாய்களையெல்லாம் விடிந்ததுமே மூடிக்கொண்டது. நீர் வெளியே போகவில்லை, உடம்பும் இளைக்கவில்லை. ஆனால் காற்று உள்ளே வராததால் இலைகளில் சமையலும் நடக்கவில்லை. பசியைப் பொறுத்துக்கொண்டு நின்றது. பக்கத்து மரமோ வாயைத் திறந்துவைத்து மத்தியானந்தோறும் இளைத்தது.

"அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை," என்று மரம் முணுமுணுத்தது.

மூன்று மாதம் கழித்து, பக்கத்து மரத்துக்கு நாடா பத்தவில்லையென்று அந்த அம்மா நீளமான வேறொன்றைக் கட்டினார்.

"என்னை மாத்தவே வேண்டாம் அக்கா. கட்டின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கேன்," என்றது நாடா சந்தோஷமாக.

மரம் பக்கத்து மரத்தின் நீளமான நாடாவைப் பார்த்தது. வருஷக் கடைசிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. மறுநாள் வெயில் ஏறியபோது அதன் ஊசியிலைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

"அக்கா, இளைக்கிறீங்க," என்று நாடா பதறியது.

"தெரியும்," என்றது மரம். "அவங்க வந்தா மறைக்காம சொல்லு."