பக்தசாரின் தாம்பாளம்

வான் என்ற நகரத்தின் ஆர்மேனியர் தெருக்களைத் துருக்கிப் படை வளைத்து இது மூன்றாவது வாரம். பீரங்கிப் புழுதி படிந்த தேவாலய முற்றத்தில், வீடுவீடாக வந்த பித்தளையை உருக்கித் தோட்டாக் கூடு வார்க்கிறான் கொல்லன். பக்தசார் மட்டும் ஏழு தலைமுறைப் பெயர் வெட்டிய தாம்பாளத்தை மார்போடு அணைத்து, முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறார். வெயிலில் அதன் விளிம்பு மினுங்குகிறது. "பெரியவரே, அதுல யாருக்கு விருந்து வைக்கப்போறீங்க, வெளியில நிக்கிறவங்களுக்கா?" என்கிறான் கொல்லன். அவர் தாம்பாளத்தை இன்னும் இறுக்கிக்கொள்கிறார். மகன் காவல் நிற்கும் மதில் பக்கமிருந்து மருமகள் வார்த்தூஹி ஓடிவருகிறாள். அவர்கள் வழக்கப்படி, மாமனார் அனுமதிக்கும்வரை மருமகள் அவர் முன் வாய் திறக்கக் கூடாது. கல்யாணமாகி மூன்று வருடமாக அவள் திறந்ததில்லை. இப்போது வாயை மூடிய துணியை இறக்குகிறாள். "மாமா, அவர்கிட்ட பதினோரு தோட்டாதான் இருக்கு." துருத்தி நின்றுவிடுகிறது. பக்தசாரின் விரல் பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவி, கடைசியாக வெட்டிய மகன் பெயரில் நிற்கிறது. எழுந்துபோய்த் தாம்பாளத்தைத் தன் கையாலேயே உலையில் வைக்கிறார். "காலையிலேயே உனக்குப் பேச அனுமதி குடுத்துட்டேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்." "சரிங்க மாமா." மகன் நிற்கும் மூலையிலிருந்து நான்கு வெடிச் சத்தம் கேட்கிறது. பெரியவர் நெருப்பையே பார்க்கிறார். பெயர்கள் இன்னும் உருகவில்லை. "இப்ப எத்தனை இருக்கும்மா?" "ஏழு, மாமா."