தப்பாகப் படிக்கும் கதை அக்கா

"எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியலைங்க அந்தம்மாவுக்கு. அவங்களையா குழந்தைங்களுக்குக் கதை வாசிக்க விடுறீங்க?"

நூலகரின் மேசை முன்னால் நின்று கேட்டேவிட்டேன். நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். தப்பைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. கண்ணெதிரே நடந்தால் விடுவேனா?

சனிக்கிழமை காலையில் சின்னக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் வாசிக்க ஒருத்தி வருகிறாள். கதை அக்கா என்று பேர். போன வாரம் மகளைக் கூப்பிடப் போனபோது ஐந்து நிமிஷம் நின்று கேட்டேன். 'கரடி பஸ்ஸில் ஏறியது' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இவள் மரத்தில் ஏறியது என்கிறாள். அடுத்த வரியில் திக்கித் திணறி, மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கவலை எனக்கு. மகளுக்கு ஆறு வயசு. வகுப்பில் ஒருநாள் தப்பாகப் படிக்கப்போய் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து புத்தகத்தைத் திறந்தால் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் தப்பு, தப்பு என்று திருத்திப் பார்த்தேன். அழுகைதான் மிச்சம். இப்படியே போனால் இன்னொரு வருஷம் இதே வகுப்புதான் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நூலகர் கோபப்படவில்லை. என்னைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா கேளுங்கள் என்றார்.

கதை அக்கா வழக்கம்போல உளறினாள். குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு திருத்தின. அவளும் அசடு வழிய நன்றி சொல்லிவிட்டு மேலே படித்தாள்.

"கரடி... தொப்பியைத்... தின்றது."

"இல்லக்கா."

என் மகளின் குரல். எழுந்து போய், வரிக்குக் கீழே விரலை வைத்து, "தொப்பியைத்... தே...டி...யது" என்று படித்தாள். பக்கம் முடிகிறவரை நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவங்க அச்சகத்துல பிழை திருத்துறவங்க," என்றார் நூலகர் மெல்ல. "இந்தப் புத்தகத்தைத் திருத்தினதும் அவங்கதான். ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட அவங்க கண்ணுக்குத் தப்பாது."

நான் புகார் கொடுக்க வந்ததையே மறந்துபோனேன். அந்தக் கதை அக்காவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் மகள் அந்தப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நானே வாங்கி, முதல் வரியை வேண்டுமென்றே தப்பாகப் படித்துவிட்டு முழித்தேன்.

அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பரவாயில்லப்பா. மெதுவாப் படிங்க. நான் உங்கள மாதிரி திட்ட மாட்டேன்."