கடைசிக் காண்டாமிருகத்தின் காவலர்கள்

பூமியின் கடைசிக் காண்டாமிருகத்தைக் காக்கும் பொறுப்பை மனிதகுலம் அன்று காலை நான்காம் வகுப்பு பி பிரிவிடம் ஒப்படைத்தது.

பத்தே நிமிடத்தில் அது ஒன்பது முறை செத்திருந்தது.

பிள்ளைகளின் முகத்தில் கனத்த கறுப்புக் கண்ணாடிகள். அவற்றுக்குள் அவர்கள் பார்த்த காடு சுவர்த்திரையிலும் ஓடியது. கடைசி பெஞ்சில் கல்வி அதிகாரி. அவர் கையெழுத்துப் போட்டால் இந்த விளையாட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் போகும். போடாவிட்டால் அதைச் செய்த நிறுவனத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வேட்டைக்காரர்கள் வந்தால் விசில் ஊத வேண்டும். ஊதினார்கள். இரண்டு பேர் ஓடினார்கள். மூன்றாமவனை, வகுப்பிலேயே சாது என்று பெயரெடுத்த சிறுமி கல்லால் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். மண்டை பிளந்ததும் அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

அது சுட்டது.

அதன்பின் காட்டில் ஒரு வேட்டைக்காரனும் மிஞ்சவில்லை. மிஞ்சியது காண்டாமிருகம்தான். காலில் சுட்டார்கள். கண்ணில் சுட்டார்கள். கொம்பைப் பிடுங்கி அதனாலேயே வயிற்றில் குத்தினார்கள். திரை முழுக்க ரத்தம் வழிந்தது.

"டேய், அதக் காப்பாத்தத்தானடா வந்தீங்க!" டீச்சர் அலறினார்.

"செத்தாலும் திரும்ப எந்திரிக்குது மிஸ், சூப்பரா இருக்கு!"

நிறுவனத்தின் இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் டையில்கூட குட்டிக் குட்டிக் காண்டாமிருகங்கள். தன் சரக்கில் கோளாறே இல்லை, எல்லாம் வளர்ப்பின் கோளாறு என்று அதிகாரியின் காதைக் கடித்தார். வாயில்லா ஜீவனின் வலி தெரியாத தலைமுறை என்றபோது குரல் தழுதழுத்தது.

அதிகாரி தலையாட்டினார். இருப்பதிலேயே அதிகம் கொன்ற பிள்ளை யாரென்று காட்டச் சொன்னார். பெற்றோரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடலாம்.

அப்படியெல்லாம் பார்க்க முடியாது என்று இயக்குநர் வாயெடுப்பதற்குள், அவருடைய கணினி உதவியாளர் பவ்யமாக ஒரு பொத்தானை அழுத்திவிட்டார். நிறுவனத்தின் பழைய வேட்டை விளையாட்டுக்குத்தான் பச்சை பூசிப் பாடமாக்கியிருந்தார்கள். யார் எத்தனை கொன்றார் என்ற பழைய மதிப்பெண் பட்டியலை அதிலிருந்து நீக்க மறந்துவிட்டிருந்தார்கள்.

அது சுவர் முழுக்க விரிந்தது.

அந்தச் சாது சிறுமி இரண்டாம் இடம். ஆறு காண்டாமிருகங்கள்.

முதல் இடம், இயக்குநர். ஆயிரத்து நூற்று நான்கு. கடைசியாக விளையாடியது இன்று காலை, எட்டு நாற்பதுக்கு.