கொலினுக்கு வந்த பதக்கம்

பதக்கத்தைச் சேட்டிலை குத்திவிடச் சொல்லிப்போட்டு, நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தார் சிஞோர் கொலின். எண்பத்திரண்டு வயசு. கீழை பிஜாமா, மேலை நான் அயன் பண்ணிக் குடுத்த வெள்ளைச் சேட்.

எனக்கு வயிறு எரிஞ்சது. மறைச்சென்ன.

காலமை லண்டனிலையிருந்து பார்சல் வந்தது. உள்ளுக்குள்ளை அவரின்ரை பழைய பதக்கம். அதோடை ஒரு கடிதம். உங்களைக் கடற்படையிலையிருந்து கலைச்சது பிழை, மன்னிக்கவேணும் எண்டு எழுதியிருக்காம்.

மூண்டு தரம் வாசிச்சார். மூண்டாந்தரம் அழுதார். நான் தேத்தண்ணி போடுற சாட்டிலை குசினிக்குப் போனன்.

லிபெர்த்தா வீதியிலை இந்த மனிசனை வீட்டோடை நிண்டு பாக்கத் தொடங்கி நாலு வருசம். அவர் வெள்ளைக்காரன் எண்டாலும் பலேர்மோவுக்கு வந்து ஐம்பது வருசம், இத்தாலியன் தண்ணி மாதிரி ஓடும். என்ரை இத்தாலியன் குசினி இத்தாலியன். உப்பு, சவர்க்காரம், குளிசை, கையைப் பிடியுங்கோ.

அதுக்கு மேலை எனக்குத் தெரிஞ்சது இவரின்ரை கதை மட்டும்தான். சவரம் எடுக்கேக்கை சொல்லுவார். கால் கழுவேக்கை சொல்லுவார். விளங்கீட்டுது எண்டு நான் தலையாட்டுமட்டும் விடமாட்டார்.

அவர் சொல்லுறது இப்பிடி: கப்பலிலை பீற்றர் எண்டொருத்தன். ஒரு கடிதம் பிடிபட்டது. இரண்டு நாள் கேள்வி கேட்டினம். அவனை நேசிச்சனான் எண்டு சொன்னன். பதக்கத்தைக் கழட்டிப்போட்டுக் கலைச்சினம். வீட்டுக்கும் போகேலாமல் போச்சு.

இதுதான் கதை. நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன்.

ஸ்ராஸ்பூர்க்கிலை இருக்கிற மனித உரிமை நீதிமன்றம் 1999 இலை தீர்ப்புச் சொன்னதாம், ஒருத்தன் ஆரை நேசிக்கிறான் எண்டு பாத்துப் படையாலை கலைக்கேலாது எண்டு. அது வேறை ஆக்கள் போட்ட வழக்கு. இவர் வழக்கே போடேல்லை. பீற்றரோடை பால்கனியிலை இருந்து வைன் குடிச்சவர். அவருக்கு மன்னிப்பு வீடு தேடி வருது.

பீற்றர் செத்து ஆறு வருசம். ஆளின்ரை செருப்பு இன்னும் கட்டிலுக்குக் கீழை இருக்கு. தூசி தட்டுறது நான். நாப்பது சொச்ச வருசம் ஒரே வீட்டிலை சீவிச்சிருக்கினம். இப்பவும் ஜன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு, கீழ்வீட்டுச் சிஞோராவுக்கும் கேக்கிற மாதிரி "என்ரை பீற்றர்" எண்டு சொல்லுவார்.

அந்தச் சத்தம்தான் எனக்கு எல்லாத்தையும் விடக் கூடின எரிச்சல்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிப்பு. நான் சொன்னது நம்பும்படியா இல்லையாம்.

ஆமி தேடுது எண்டு சொன்னனான். மன்னாரிலையிருந்து வந்த கன பேர் சொன்ன கதை. அவையளுக்கு அது உண்மை. நாளைக்கு மேன்முறையீடு. அதுவும் பிழைச்சால் பெர்மெஸ்ஸோ இல்லை, இஞ்சை இருக்க அனுமதி இல்லை, திருப்பி ஊருக்குத்தான்.

விசாரணையிலை மொழிபெயர்க்க வந்தது ஏர்னஸ்ற் அண்ணை. ஞாயிறு பூசையிலை எனக்கு முன்வாங்கிலை இருக்கிறவர். எங்கடை மாமாவோடை ஒண்டாப் படிச்சவர். எங்கடை ஆள் வந்தால் மற்றவை ஆறுதல்படுவினம். எனக்கு அந்த முகத்தைக் கண்டவுடனை ஆமிக்கதைதான் வாயிலை வந்தது.

பதக்கத்தின்ரை ஊசி சேட்டுக்குள்ளாலை போகமாட்டன் எண்டது. அமத்திக் குத்தினன். தோலிலையும் கொஞ்சம் பட்டிருக்கும். வேணுமெண்டு இல்லை.

சரி, கொஞ்சம் வேணுமெண்டுதான்.

அவருக்கு அது தெரியேல்லை. கண்ணாடியிலை பதக்கத்தைப் பாத்துக்கொண்டு, பீற்றர் பாக்கேல்லையே எண்டார்.

அந்த நேரம் போன் அடிச்சது. ஏர்னஸ்ற் அண்ணை.

"தம்பி டினேஷ், நாளைக்கு ஒன்பதுக்குக் கோட்டிலை நிப்பன். போனமுறை சொன்னதையே சொல்லு, மாத்திப்போடாதை. பேப்பர் கிடைக்கட்டும், மொனிகா வீட்டிலை உனக்குக் கலியாணம் கதைக்கிறன்."

"நீங்கள் வரவேண்டாம் அண்ணை. நான் இத்தாலியனிலையே சொல்லுறன்."

அவர் சிரிச்சார். கோட்டிலை போய் உப்பும் சவர்க்காரமுமோ விக்கப்போறாய் எண்டு கேட்டார். நான் போனை வைச்சிட்டன்.

பிறகு சிஞோர் கொலினின்ரை கால்மாட்டிலை இருந்து, கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்டன். நாலு வருசத்திலை நானாக் கேட்டது இதுதான் முதல்தரம். மனிசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். எண்டாலும் தொடங்கினார்.

அவர் சொல்லச் சொல்லப் பின்னாலை நானும் சொன்னன். பிடிபட்டது. கேள்வி கேட்டினம். நேசிச்சனான். வீட்டுக்கும் போகேலாமல் போச்சு. எல்லாச் சொல்லும் வாயிலை வந்தது.

எனக்கு நடந்ததைச் சொல்லக் கன இடம் மாத்தத் தேவைப்படேல்லை. கப்பலை வள்ளமாக்கினன். கடிதத்தைப் போனாக்கினன்.

பீற்றரின்ரை பேர் வாற இடத்திலை நிண்டுபோனன். சிஞோர் கொலினும் நிப்பாட்டினார். அவசரப்படுத்தேல்லை. பதக்கத்திலை கையை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் திறந்துதான் கிடந்தது.

"ஜெனோஜன்," எண்டன்.

கீழ்வீட்டுச் சிஞோராவுக்கும் கேட்டிருக்கும்.